அரசியலமைப்பு ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் ஏன் மாறுகிறது?

தொண்டியில் வலை பின்னும் இடத்தில் எழுந்த சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள்: சட்டப் புத்தகம் ஒன்றுதானே, உச்ச நீதிமன்றம் மட்டும் காலத்துக்கு ஒரு விதமாக ஏன் பேசுகிறது?

அரசியல் நுழையும் வாசல் நியமனம். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. உடனே, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி நீதிபதி ஏ.என்.ரே அரசால் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்தவர்கள். ரே சிறுபான்மைத் தீர்ப்பில் இருந்தவர். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? 1993-க்குப் பிறகு நீதிபதிகளைத் தேர்வு செய்வது கொலீஜியத்தின், அதாவது மூத்த நீதிபதிகள் குழுவின், கைக்குப் போனது. ஆனாலும் கோப்பைக் கிடப்பில் போட அரசால் முடிகிறது.

நீதிபதியின் சட்டப் பார்வை வேறு சங்கதி. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆவது பிரிவை 1950-இல் ஏ.கே.கோபாலன் வழக்கில் குறுக்கிப் படித்தார்கள்; 1978-இல் மேனகா காந்தி வழக்கில் விரித்துப் படித்தார்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நம் கரைக்கே வருகிறேன். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை மூட 1996-இல் உத்தரவானது. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போடலாம் என்ற பழைய பார்வையில், "பண்ணையால் உமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு 2005-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று அந்தத் தடையைத் தளர்த்தியது.