வாரம் 20 மணி நேரம்: இங்கிலாந்தில் பார்ட் டைம் வேலைக் கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: லெஸ்டரில் ஓராண்டு எம்.எஸ்ஸி. படிக்கிறேன். கடந்த செப்டம்பரில் சேர்ந்தேன். வயது 23. ஓர் உணவகத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை. இப்போது ஒரு கிடங்கில் ஞாயிறு இரவு ஷிஃப்டுக்கு அழைக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை. மாதச் சராசரி 20-க்குள் இருந்தால் போதும் என்கிறார் அறைத்தோழர். மே மாதத்தோடு வகுப்புகள் முடிகின்றன. ஜூனிலிருந்து முழு நேரம் வேலை பார்க்கலாமா? நண்பர் ஒருவர் தன் டெலிவரி ஆப் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். முதல் சம்பளத்திலேயே 20 சதவீதம் வரி பிடித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்குமா?

பதில்: சராசரி என்ற பேச்சே இந்த விதியில் கிடையாது. பட்டப்படிப்பு, அதற்கு மேற்பட்ட படிப்புகளுக்கான மாணவர் விசாவில் டெர்ம் நடக்கும் காலத்தில் ஒரு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கணக்கு. நான்கு வாரங்களில் 16, 24, 18, 20 என்று வேலை பார்த்தால் மொத்தம் 78 மணி, சராசரி 19.5. ஆனாலும் இரண்டாவது வாரத்தில் விதி மீறப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் குறைத்துப் பார்த்தால் அது சரியாகிவிடாது.

உங்கள் ஞாயிறு இரவு ஷிஃப்டில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த 8 மணி நேரம் ஒரே வாரத்தில் விழுவதில்லை. இரவு 10 முதல் 12 வரையிலான 2 மணி நேரம் முடிகிற வாரத்தைச் சேர்ந்தது. நள்ளிரவுக்குப் பிறகு திங்கள் பிறந்துவிடுகிறது, மீதி 6 மணி நேரம் புதிய வாரக் கணக்கில் ஏறுகிறது. ஒரே ஒரு ஞாயிறு போனால்கூட முதல் வாரம் 16+2=18, அது சரி. அடுத்த வாரம் 16+6=22, அது மீறல். ஒவ்வொரு ஞாயிறும் போனால் ஒவ்வொரு வாரமும் 24. அந்த ஷிஃப்டை எடுத்தே ஆகவேண்டுமென்றால் அதற்கு அடுத்த வாரம் உணவகத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. உணவக மேலாளர் ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) போடும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது தவறில்லை. ஆனால் ஒரு முதலாளிக்கு இன்னோர் இடத்து மணிக்கணக்கு தெரியாது. "எங்களிடம் 20-க்குள்தானே இருக்கிறது" என்று இரண்டு பேருமே ஷிஃப்ட் தருவார்கள். கூட்டிப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே போனில் ஒரு சிறிய அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை மொத்தம். ரோட்டாவைப் படம் பிடித்து அதனுடன் சேமியுங்கள். பே ஸ்லிப்பில் பெரும்பாலும் மாத மொத்தம் மட்டுமே இருக்கும். வாரப் பிரிப்பு இருக்காது. இரண்டு வருடம் கழித்து யாராவது கேட்டால் உங்கள் பக்கம் பேசுவது இந்த அட்டவணை ஒன்றுதான். 20-ஐத் தொட்டுக்கொண்டே இருக்காமல் 18-இல் நிறுத்துவது நல்லது. "ஆள் வரவில்லை, ஒரு மணி நேரம் கூட இரு" என்று கேட்காத கடையே கிடையாது.

எதெல்லாம் கணக்கில் சேரும்? சம்பளம் இல்லாத வேலையும் சேரும். "திறமையைப் பார்க்க இரண்டு நாள் சும்மா வந்து செய்" என்கிற டிரையல் ஷிஃப்ட் சேரும். பயிற்சி நேரம் சேரும். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் ஓர் அறக்கட்டளைக்குத் தொண்டு செய்வது மட்டும் வேறு வகை. பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட ஃபவுண்டேஷன் போன்ற படிப்புகளுக்கு வரம்பு 10 மணி நேரம் என்பதை அங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்து ஜூன் மாதம். ஓராண்டு முதுநிலைப் படிப்பில் வருகிறவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான். இளநிலை மாணவர்களுக்குக் கோடை முழுவதும் விடுமுறை; அவர்கள் முழு நேரம் வேலை பார்க்கலாம். பக்கத்து அறைத் தம்பி பார்க்கிறான் என்று நீங்களும் போனால் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு வகுப்பு முடிந்தாலும் டெர்ம் முடியவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை டெசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் காலம். அது படிப்புக் காலம்தான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் முதுநிலைக்கும் உண்டா என்பதைப் பல்கலைக்கழகம் உங்கள் படிப்புக்கென்று வெளியிட்ட தேதிப் பட்டியல்தான் தீர்மானிக்கும். மாணவர் சேவைப் பிரிவில் டெர்ம், விடுமுறைத் தேதிகள் கொண்ட கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலை தருபவரும் அந்தத் தேதிகளுக்கான ஆதாரத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது உள்துறையின் விதி. கேட்காத முதலாளியிடமும் நீங்களாகவே கொடுத்துவிடுங்கள்.

முழு நேர வேலை எப்போது? விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதி ஆவணத்தில் படிப்பு முடியும் தேதி ஒன்று இருக்கும். அதற்கு மறுநாளிலிருந்து விசா முடியும் வரை. டெசர்டேஷனை ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டேன் என்பதால் அந்தத் தேதி தானாக முன்னே வந்துவிடாது. படிப்பு 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் முடிந்த பிறகு 4 மாதம் விசா நீளும். அதற்குக் குறைந்தால், 6 மாதமோ அதற்கு மேலோ உள்ள படிப்புக்கு 2 மாதம்தான். "ஓராண்டு" என்று விளம்பரம் செய்யப்படும் சில படிப்புகள் ஆவணத்தில் பதினொன்றரை மாதமாக இருக்கும். தேதியை எடுத்துப் பாருங்கள். அந்த இடைக்காலத்திலும் முழு நேர நிரந்தரப் பணியிடத்தில் சேரக்கூடாது. படிப்பை வெற்றிகரமாக முடித்து, படித்த பிறகு தங்கி வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு அதற்கும் வழி உண்டு. அந்த விசாவை நாட்டுக்குள் இருந்தபடியே, மாணவர் விசா முடிவதற்குள் கேட்க வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இந்தச் செப்டம்பரில் படிப்பு முடிப்பவர்கள் தேர்வு முடிவு எப்போது வருகிறது என்பதை இப்போதே விசாரித்து நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

டெலிவரி ஆப் விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: கூடாது. அங்கே பிரச்சினை மணிக்கணக்கு அல்ல. டெலிவரூ, ஊபர் ஈட்ஸ் போன்றவற்றில் ஓடுகிறவர் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுகிறார். மாணவர் விசாவில் சுயதொழில் முற்றிலும் தடை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் மீறல்தான். நண்பரின் கணக்கில் ஓடினால் பணம் அவர் வங்கிக்குப் போகும், வழியில் சோதனை நடந்தால் பிடிபடுவது நீங்கள். கைக்காசுக்கு மணிக்கு 6, 7 பவுண்டு தருகிறேன் என்று அழைக்கும் கடைகளும் இதே ரகம்தான். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு, அதற்கு முந்தைய ஓராண்டில் 12.21. விசா மாணவருக்கும் இதே தொகைதான். குறைத்துக் கொடுத்தால் ஏகாஸ் அமைப்பின் இலவச ஆலோசனை எண் 0300 123 1100.

"யாருக்குத் தெரியப்போகிறது" என்ற எண்ணம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: முறையான ஒவ்வொரு சம்பளமும் கொடுக்கப்படும் நாளிலோ அதற்கு முன்போ வரித்துறைக்கு மின்னணு வழியில் தெரிவிக்கப்படுகிறது. அந்தத் தகவலை உள்துறை கேட்டுப் பெற முடியும். உரிமை இல்லாத வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரையும், திரும்பச் செய்தால் 60,000 பவுண்டு வரையும் அபராதம் வரலாம். மாணவருக்கு விசாவே ரத்தாகலாம்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு வாரம் 20-ஐத் தாண்டிவிட்டீர்களா? பதற வேண்டாம், உடனே குறையுங்கள். ரோட்டாவை மாற்றி எழுதித் தரும்படி யாரையும் கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர். மீறல் தெரிந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை அதற்கு உண்டு. எனவே முதலில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்கள். பின்னால் எந்த விண்ணப்பத்தில் கேட்டாலும் உண்மையை எழுதுங்கள். பொய் சொன்னது நிரூபணமானால் 10 ஆண்டுத் தடை வரை போகும். வாட்ஸ்ஆப் குழுவில் கிடைக்கும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற பதில் அந்த ஒருவருடைய அனுபவம் மட்டுமே.

வரிக்கு வருவோம். இங்கே நல்ல செய்தி. இங்கிலாந்தில் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அதில் 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. நீங்கள் அக்டோபரில் தொடங்கி 26 வாரம், வாரம் 16 மணி நேரம், மணிக்கு 12.21 என்று பார்த்திருந்தால் மொத்தம் 5,079 பவுண்டுதான். ஒரு பென்னிகூட வருமான வரி வரக்கூடாது. ஆனால் நான்கு வாரச் சம்பளமான 781 பவுண்டில் 156 போயிருக்கும். காரணம் பே ஸ்லிப்பில் ஒரு மூலையில் இருக்கும் டாக்ஸ் கோட். அது 1257 எல் என்று இருக்க வேண்டும். பி.ஆர். (BR) அல்லது 0 டி (0T) என்று இருந்தால் வரிவிலக்கு எதுவும் கொடுக்காமல் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். வேலையில் சேரும்போது தரும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தை நிரப்பாமல் விட்டால் 0 டி. வேறு வேலையும் உண்டு என்ற மூன்றாம் வாசகத்தைத் தேர்ந்தெடுத்தால் பி.ஆர்.

என்.ஐ. நம்பர் (தேசியக் காப்பீட்டு எண்) வந்ததும் வரித்துறை ஆப்பில் கணக்குத் திறந்து, வேலை விவரமும் ஆண்டு வருமான மதிப்பீடும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறானால் அங்கேயே திருத்துங்கள். கோட் மாறியதும் பிடித்த பணம் அடுத்த சம்பளத்தோடு சேர்ந்து வரும். ஏப்ரல் 5 கடந்துவிட்டால் வரித்துறையே கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்பும். நடுவிலேயே ஊர் திரும்புகிறவர்கள் பி85 படிவம் வழியாகக் கேட்கலாம். தேசியக் காப்பீட்டுக்குப் பிடித்தது திரும்பாது. வாரம் 242 பவுண்டுக்கு மேல் வரும் தொகையில்தான் அது 8 சதவீதம். 16 மணி நேர வேலைக்கு எதுவும் பிடிக்கக்கூடாது. கிடங்கில் சேர்ந்தால் அங்கே பி.ஆர். கோட் வருவது இயல்பு, ஏனென்றால் விலக்கு முழுவதும் முதல் வேலைக்கே போய்விடும்.

என்.ஐ. நம்பருக்கு அரசுத் தளத்தில் விண்ணப்பிப்பது இலவசம். இடைத்தரகருக்குப் பணம் கட்ட வேண்டாம். நம்பர் வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம். கிடங்கில் உங்களிடம் வேலை பார்க்கும் உரிமையைக் காட்டும் ஷேர் கோட் கேட்பார்கள். யு.கே.வி.ஐ. (பிரிட்டன் விசாப் பிரிவு) கணக்கில் நுழைந்து, வேலைக்கான கோட் என்று தேர்ந்தெடுத்து எடுங்கள். டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். ஆர் என்று தொடங்கினால் அது வீட்டு வாடகைக்கானது. அதைக் கொடுத்துவிட்டு "சிஸ்டம் ஏற்கவில்லை" என்று ஒரு வாரம் காத்திருந்தவர்கள் பலர்.