கேள்வி – பதில்: சம்பளச் சீட்டில் இரண்டு சின்னக் கோடுகள்

கேள்வி: ஃபாதர், நான் ஜெர்மனியில் டூசல்டோர்ஃப் நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே வந்த புதிதில் முகவரி பதிவு செய்யப் போனபோது படிவத்தில் 'மதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை என்று போடு, இல்லாவிட்டால் சம்பளத்தில் ஆலய வரி பிடிப்பார்கள்' என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அப்படியே போட்டேன். ஆனால் ஞாயிறு பூசை தவறுவதில்லை, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குகிறேன், காணிக்கையும் போடுகிறேன். இப்போது மகள் பிறந்திருக்கிறாள். ஞானஸ்நானத்துக்குக் கேட்டால் என் பதிவைப் பற்றி விசாரிக்கிறார்கள். மனதில் விசுவாசம் இருந்தால் போதாதா? அரசாங்கத் தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன?

பதில்: தம்பி, முதலில் மகளுக்கு என் ஆசீர். ஞானஸ்நானம் நின்றுபோகாது, பயப்படாதீர்கள். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்க வேண்டும்; திருச்சபைச் சட்டம் 868 கேட்பது இவ்வளவுதான். ஞாயிறுதோறும் உங்கள் முகத்தைப் பார்க்கிற பங்குத்தந்தைக்கு அந்த நம்பிக்கை வராமலா போகும்? சிக்கல் குழந்தைக்கு இல்லை, அப்பாவுக்குத்தான்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரைன் நதிக்கரைப் பங்குகளில், அதாவது அங்குள்ள கோயில் வட்டாரங்களில், நானும் பணி செய்தவன். ஜெர்மனியில் பதிவு பெற்ற கத்தோலிக்கர் ஒருவருடைய வருமான வரியில் 9 விழுக்காட்டை, பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 விழுக்காட்டை, அரசே பிடித்துத் திருச்சபையிடம் கொடுக்கிறது. சம்பளத்தில் 9 இல்லை, வரியில் 9. மாதம் 600 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்கு ஆலய வரி 54 யூரோ. அதையும் ஆண்டுக் கணக்கில் காட்டிக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர் என்றால் சம்பளச் சீட்டில் 'ஆர்கே' என்று இரண்டு எழுத்து வரும். மதம் இல்லை என்றவருக்கு அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள். தம்பியின் சீட்டில் இருப்பது அந்தக் கோடுகள்.

இந்த வரி வந்த கதை பெரிது. 1803இல் ஜெர்மன் சிற்றரசுகள் மடங்களையும் ஆயர்களின் நிலபுலன்களையும் எடுத்துக்கொண்டன. திருச்சபை எதை வைத்து நடக்கும் என்ற கேள்வி எழ, அந்த நூற்றாண்டிலேயே மாநிலம் மாநிலமாக ஆலய வரி வந்தது. 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஏறி, 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. பிடிக்காதவர்கள் அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறலாம். 2022இல் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் அப்படிப் போனார்கள். எல்லாரும் வரிக்காகப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். சிறார் பாலியல் கொடுமைகளை மூடி மறைத்ததில் மனம் கசந்து போனவர்கள் அதில் நிறைய.

அப்படி வெளியேறியவர்களுக்கு நன்மை இல்லை, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) இல்லை, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தகப்பனாக நிற்க முடியாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012இல் ஆணை போட்டார்கள். சாகும் நிலையில் மட்டும் விலக்கு உண்டு. தம்பி கேட்ட கேள்வியை ஃபிரைபுர்க்கில் ஹார்ட்முட் ட்சாப் என்ற திருச்சபைச் சட்டப் பேராசிரியரே நீதிமன்றம் வரை கொண்டுபோனார். வரி வாங்குகிற அமைப்பிலிருந்துதான் விலகுகிறேன், விசுவாசத்திலிருந்து இல்லை என்றார். அதே 2012இல் லைப்சிக் நகரத்தில் இருக்கிற ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

என் கருத்தைக் கேட்டால், வரியையும் நன்மையையும் ஒரே கயிற்றில் கட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இருந்தபோதே சக குருக்களிடம் சொல்லியிருக்கிறேன், சிலர் முறைத்தும் இருக்கிறார்கள். ஆனால் பேராசிரியர் தன் பெயரைப் போட்டு, ஊரறிய வாதாடினார். நீங்கள் வாதாடவும் இல்லை, வெளியேறவும் இல்லை. கத்தோலிக்கனா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எவரும் மிரட்டவில்லை, வேலையும் போயிருக்காது. 54 யூரோதான். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது உயிர்ப்பயமாவது இருந்தது!

உங்கள் தூத்துக்குடிக் கரையை நினைத்துப் பாருங்கள். திருவிழா வரி கட்டாத குடும்பம் உண்டா? பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்த தாத்தாக்கள் எத்தனை பேர்! அதை யாரும் அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசியின் கடமை என்று சட்டம் 222 சொல்கிறது. அதை வசூலிக்கிற முறைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இனி செய்ய வேண்டியது. ஊர்ப் பங்கிலிருந்து உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்குங்கள். பங்கு அலுவலகத்தில் கொடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பதிவை எப்படித் திருத்துவது என்று அவர்களே வழிகாட்டுவார்கள். பழைய வரியைக் கேட்கவும் வாய்ப்பு இருக்கிறது, அதற்கும் தயாராக இருங்கள். லூக்கா டோனி என்ற இத்தாலியக் கால்பந்து வீரர் பாயர்ன் மியூனிக்கில் ஆடியபோது இதேபோல மதமில்லாதவராகப் பதிவாகி, பிறகு 15 லட்சம் யூரோவுக்கும் மேல் கட்ட வேண்டியதாயிற்று. உங்கள் கணக்கு அவ்வளவு வராது! அப்புறம், ஞானஸ்நானத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். ஞானத்தகப்பனாக நண்பரை நினைத்திருந்தால் அவர் சீட்டிலும் கோடுகள் இருக்கின்றனவா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் தலைகுனிய வேண்டாம்.

கேள்வி: மகள் கொலோன் நகரத்தில் படிக்கிறாள். கோயிலில் எல்லாரும் வயசானவர்கள், மொழியும் புரியவில்லை என்று அறையிலேயே யூடியூபில் தமிழ்ப் பூசை பார்க்கிறாள். அது போதுமா? – ஒரு தாய், திண்டுக்கல்.

பதில்: போதாது அம்மா. நோயாளிகளுக்கும் கோயிலுக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் அது ஆறுதல். கொரோனா காலத்தில் ஆயர்கள் கடமையிலிருந்து விலக்குத் தந்தார்கள், அந்தக் காலம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று மகளிடம் சொல்லுங்கள். வாசகத்தைக் கைப்பேசியில் தமிழில் படித்துவிட்டுப் போகட்டும். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள்கூடப் பெரும்பாலும் மூடியிருக்கும், வேறு வேலையும் இருக்காது. ஆகஸ்டில் கேவலார் மாதா கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் ஈழத் தமிழர்கள் கூடுவார்கள், இந்துக்கள்கூட மெழுகுவர்த்தியோடு வருவார்கள். அங்கே நாலு பிள்ளைகளோடு பழக்கமானால் தனியாகப் பூசைக்குப் போகிற கூச்சம் போய்விடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம் என்றால் அலுவலகத்தில் 'ஏன்' என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேட்டால் ஒரு வரியில் 'இயேசு இறந்த நாள், அதனால்' என்று சொல்லுங்கள், மேலே கேட்டால் பேசுங்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும், இயேசு இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியும் கண்டிப்பான நாட்கள். மற்ற வெள்ளிகளில் வேறு தவம் செய்யலாமா என்பதை உங்கள் நாட்டு ஆயர்கள் சொன்னபடி செய்யுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் பல அலுவலகக் கேன்டீன்களில் இன்றும் வெள்ளிக்கிழமை மீன்தான். ஏன் மீன் என்று வரிசையில் நிற்பவரைக் கேட்டால் தெரியாது என்பார். நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.