சுகர் நார்மல், கழுத்து மட்டும் கறுப்பு

“ஸ்கேனில் சினைப்பையில் 12 கட்டி இருக்கிறதாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?” – ஈசூன் வாசகி, 27

எடுக்க அங்கே கட்டியே இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள் அவை. ‘பாலிசிஸ்டிக் ஓவரி’ (பல கட்டி உள்ள சினைப்பை), சுருக்கமாக பிசிஓஎஸ், என்று பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம். பிசிஓஎஸ் உள்ள பலருக்குத் தசையும் கல்லீரலும், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனான இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. சினைப்பையோ அதன் பேச்சை நன்றாகவே கேட்டு, ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் அதனால்தான்.

“சுகர் 6 இருக்கிறது. பயப்படணுமா?” – பெயர், வயது எழுதாதவர்

எந்த 6? சாப்பிட்டபின் எடுத்த 6 மில்லிமோல் என்றால் நிம்மதியாக இருங்கள். வெறும் வயிற்றில் என்றால் கோட்டின் விளிம்பு. எச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு) 6 சதவீதம் என்றாலும் அப்படித்தான், 6.1-இலிருந்து இங்கே சிங்கப்பூரில் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். திருச்சியில் இருக்கும் உங்கள் சித்தப்பா தன் மீட்டரில் மில்லிகிராம் கணக்கில் 108 என்று சொன்னால் அதுவும் இந்த 6 மில்லிமோல்தான். ரிப்போர்ட்டை முழுதாக எழுதி அனுப்புங்கள், ஜோசியம் எனக்குத் தெரியாது.

“15 வயது மகளுக்குக் கழுத்து கறுத்துக்கொண்டே போகிறது. எலுமிச்சை, கடலை மாவு எல்லாம் தேய்த்தாயிற்று. தேக்காவில் ஒரு கிரீம் வாங்கினோம். காலையில் சுகர் பார்த்தோம், நார்மல்.” – செங்காங் தாய்

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. அது அழுக்கு இல்லை. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் தோல் தடித்துக் கறுக்கும். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அக்குளிலும் பாருங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளி மாணவி வந்தாள். நம் ஊர் வெயிலில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தாள். திறந்து பார்த்தால், கறுப்பின் நடுவே தோல் உரிந்து சிவந்திருந்தது. பாட்டி தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். “சரியாகக் குளிக்க மாட்டா டாக்டர்” என்று அவள் முன்னாலேயே சொன்னார் அம்மா. அவள் தரையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவளுக்கும் வெறும் வயிற்றுச் சுகர் 5 சொச்சம்தான். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 9-ஐத் தாண்டியது. 7.8-க்குள் இருக்க வேண்டியது. 11.1-ஐத் தொட்டால் நீரிழிவு.

எத்தனை முறை எழுதினாலும் இதைத்தான் எழுதுவேன்: காலை அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கணையம் மூச்சுப்பிடித்து ஓடும்வரை அந்த எண் அழகாகத்தான் இருக்கும்.

மாதவிலக்கு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வயதுக்கு வந்து 2, 3 ஆண்டு வரை முன்பின் ஆவது சகஜம். அதன் பிறகும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் பிசிஓஎஸ்ஸா என்று பார்க்க ஸ்கேன் வேண்டாம். நன்றாக இருக்கும் பெண்களுக்கும் அப்படித்தான் தெரியும். கிரீமைக் குப்பையில் போடுங்கள்.

“நான் ஒல்லி. எனக்கும் பிசிஓஎஸ் வருமா?” – பிடோக்

வரும். குறைவு, ஆனால் வரும். நம் ஆட்களுக்கு எடை ஏறாமலே வயிற்றில் கொழுப்பு சேரும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-க்கு மேல் போனாலே இங்கே எச்சரிக்கைக் கணக்கு.

“கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் அத்தை.” – உட்லண்ட்ஸ்

ஆகாது.

“தே ஓ கொசோங் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) குடிக்கலாமா?” – ஜூரோங்

குடிக்கலாம். கூட வரும் 2 பரோட்டாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

“எனக்கு நீரிழிவு இல்லை, பிசிஓஎஸ்தான். ஏன் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் கொடுத்தார்கள்?” – தோ பாயோ, 31

கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதை அது குறைக்கும், இன்சுலின் தேவையும் இறங்கும். சாப்பாட்டோடு போடுங்கள், இல்லையென்றால் வயிறு கலக்கும். ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: மாத்திரையாலோ எடை 5, 10 சதவீதம் குறைவதாலோ முட்டை மீண்டும் வெளிவரத் தொடங்கலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேண்டும் என்றால், கருத்தரிக்கும் முன்பே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் அந்த 2 மணி நேரப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.