வெனிஸ் முதலில், வியன்னா பிறகு

கேள்வி: என் கணவரின் அறுபதாம் கல்யாணம் ஆனியில் நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை எட்டு நாள் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். ஊர் ஊராக ஓடாமல் ஒரே நகரத்தில் தங்கிப் பாருங்கள் என்கிறார்கள். எனக்கு வெனிஸ் மீது ஆசை. அவருக்குக் கச்சேரி என்றால் உயிர். அதனால் வியன்னா என்கிறார். அவருக்கு வலது முழங்காலில் வலி உண்டு. இரண்டு மாடி ஏறுவார். அதற்குமேல் சற்று உட்கார வேண்டும். வெனிஸில் வெள்ளம் வரும், படிகள் அதிகம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். புரட்டாசிக் கடைசியிலும் புறப்படலாம், தீபாவளி கழித்தும் புறப்படலாம். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வெனிஸுக்குப் போங்கள், அதுவும் புரட்டாசிக் கடைசியிலேயே புறப்படுங்கள். முழங்கால் வலியுள்ளவரை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊருக்கு அனுப்பலாமா என்று தங்கள் உறவினர்கள் கேட்பார்கள். அந்த முழங்காலை எண்ணித்தான் நான் இப்படிச் சொல்கிறேன். வியன்னாவின் நடுப்பகுதி பெரும்பாலும் சமதரை; டிராமும் நிலத்தடி ரயிலும் எங்கும் கொண்டுபோய் விடும். அங்குள்ள சுகங்களில் பெரும்பகுதி இசையரங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் காப்பிக் கடைகளிலும் உட்கார்ந்தபடி அனுபவிப்பவை. அந்த நகரத்தைத் தங்கள் கணவர் எழுபது வயதிலும் நிம்மதியாகப் பார்க்கலாம். வெனிஸில் காரும் இல்லை, ஆட்டோவும் இல்லை. தெருவின் முடிவில் ஒரு பாலம் குறுக்கிட்டால் அதன் படிகளை நம் காலால்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டு மாடி ஏறும் தெம்பு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய ஊர் அது.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கத்தில் கண்மாய் உடைந்து நீர் புகுவதைப் போன்றதன்று அது. இலையுதிர் காலத்தில் தெற்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று அட்ரியாட்டிக் கடல்நீரை வடமுனைக்குத் தள்ளும்போது, கடலேற்றமும் சேர்ந்துகொண்டால், நீர் சில மணி நேரம் தெருவில் நின்றுவிட்டு வடிந்துபோகும். மிக மோசமான இரண்டு நாள்களும் நவம்பரில்தான் வந்தன: 1966 நவம்பர் 4ஆம் தேதி நீர்மட்டம் (தெருவிலிருந்து அன்று, பழைய கடல்மட்டக் குறியிலிருந்து அளந்தது) 194 சென்டிமீட்டரையும், 2019 நவம்பர் 12ஆம் தேதி 187 சென்டிமீட்டரையும் தொட்டது. அதன்பின், காயலின் மூன்று வாய்களிலும் அமைத்த 78 இரும்புக் கதவுகளை 2020 அக்டோபர் 3ஆம் தேதி முதன்முறையாக உயர்த்திக் கடலைத் தடுத்தார்கள். இன்று பெரிய ஏற்றங்களை அவை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. ஆயினும் செயின்ட் மார்க் சதுக்கம் ஊரிலேயே மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்றாகையால், கதவுகளை உயர்த்தாத சிறிய ஏற்றத்திலும் அங்கே கணுக்கால் நனையக்கூடும். தீபாவளி கழித்துப் போனால் இந்தத் தொல்லையோடு மூடுபனியும், ஐந்து மணிக்கே கவியும் இருட்டும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் முதல் பாதியில் வெயில் இதமாக இருக்கும். கோடைக்கூட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். மாலை ஆறரை வரை வெளிச்சமும் கிடைக்கும்.

படிகளைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். படகுத் துறையிலிருந்து விடுதி வாசல் வரை எத்தனை பாலங்கள் என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அதுவே நல்ல விடுதி. ரயில் நிலையம் அமைந்திருக்கும் கன்னரேஜியோ பகுதியில் இப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும். லிஃப்ட் உண்டா என்பதையும் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இராது. வாடகை குறைவு என்று நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் தங்கிவிட வேண்டாம். பகலில் வந்த கூட்டம் மாலையில் ரயிலேறிப் போன பிறகுதான் வெனிஸின் சந்துகளில் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும். வப்பொரெட்டோ எனப்படும் பொதுப்படகுக்கு ஏழு நாள் பாஸ் உண்டு. அதை வாங்கிக்கொண்டால் ஒரு துறை தூரத்துக்குக்கூடத் தயங்காமல் ஏறலாம். விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் படகுக்கு மட்டும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். ஊரை உயரத்திலிருந்து பார்க்கவும் தங்கள் கணவர் படி ஏற வேண்டியதில்லை: 1902இல் இடிந்து விழுந்து 1912இல் மீண்டும் எழுப்பப்பட்ட செயின்ட் மார்க் மணிக்கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, எதிர்த்தீவிலுள்ள சான் ஜோர்ஜோ கோபுரத்திலும் இருக்கிறது. இரண்டாவதில் கூட்டம் குறைவு. அதையே நான் விரும்புவேன்.

ஆச்சி, நம் செட்டிநாட்டவர்கள் வெனிஸைப் பார்க்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தோம் என்றும், அந்த நினைவில்தான் வீடுகளின் தரைமட்டத்தை இவ்வளவு உயர்த்திக் கட்டினோம் என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். கடலை விட்டு விலகாமல், சேற்றில் மரக்கம்பங்களை இறக்கி, அவற்றின்மேல் கல்லடுக்கி வீடு கட்டிய வணிகர்களின் ஊர் வெனிஸ். பெருங்கால்வாயின் ஓரத்துப் பழைய மாளிகைகளைச் சற்று நின்று பாருங்கள். நீரை ஒட்டிய வாசலில் சரக்கு இறங்கும். கீழ்த்தளம் கிடங்கும் கணக்கறையும். அதற்கு மேல்தளத்தில் குடும்பம். நம் வீட்டு முகப்பிலும் பட்டாலைக் கூடத்திலும் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் பேசிவிட்டு, உள்ளே வளவு என்னும் முற்றத்துப் பகுதியில் குடும்பம் நடத்திய முறை தங்களுக்கு நினைவு வரும். 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில், அவ்வூர் வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கினார் லூக்கா பச்சோலி என்னும் துறவி. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த குடும்பத்துக்கு அந்த ஊரின் மூளை எளிதில் புரியும். முரானோ தீவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கே உலை எரிகிறது. வளவில் தொங்கும் கண்ணாடிக் கொத்துவிளக்கைத் துடைத்துத் துடைத்து வளர்ந்த தங்களுக்கு, ஊதுகுழலின் முனையில் அது உருவாவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் கணவரின் ஆசையையும் நான் தள்ளிவிடவில்லை. வியன்னாவின் அரசு ஓப்பராவும், 1870இல் திறந்த மியூசிக்பெரைன் அரங்கின் பொன்வேலைப்பாடும் ஈடில்லாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசையமைப்பாளர் விவால்தி பிறந்த ஊர் வெனிஸ். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக அங்கிருந்த பியெத்தா இல்லத்தில் 1703 முதல் அவர் வயலின் கற்பித்தார். நம் கச்சேரி மேடையில் வயலினைக் கேட்டே பழகிய காதுக்கு, அவருடைய இசை அந்நியமாகத் தோன்றாது. 1996இல் எரிந்து 2003இல் மீண்டும் திறந்த லா ஃபெனிச்சே அரங்கில் ஒரு மாலைக்கு இப்போதே இரண்டு சீட்டு எடுத்துவிடுங்கள். வெனிஸுக்குச் சம்மதிக்க அவருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

புரட்டாசி விரதம் இருந்தால் சாப்பாட்டில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சைவமாகத் தோன்றும் பிகோலி என்னும் பாஸ்தாவின் குழம்பு நெத்திலி போன்ற மீனை வெங்காயத்தோடு கரைத்துச் செய்வது. மீன் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சமையலறை உள்ள இடமாக எடுத்துக்கொண்டால், ரியால்தோ சந்தையில் காலையில் காய் வாங்கி, கொண்டுபோன புளிக்காய்ச்சலோடு ஒரு வேளையை முடித்துக்கொள்ளலாம். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள் என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் வலியை மறைக்காமல் அதில் குறிப்பிடுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை வேறு எங்கும் போக வேண்டாம். ரயில் நிலையத் துறையில் ஒன்றாம் எண் படகில் ஏறி, வெளியிருக்கை கிடைத்தால் அதில் அமர்ந்து, செயின்ட் மார்க் வரை பெருங்கால்வாயில் மெல்லப் போங்கள். 1950களில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்த அந்தப் பழைய நகரத்தில் இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. இருட்டிய பிறகு மாளிகைகளின் மேல்தளத்தில் எந்தெந்தச் சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று இருவரும் எண்ணிக்கொண்டே போங்கள். கானாடுகாத்தான் தெருவில் இரவில் நடக்கும்போது நாம் எண்ணுவோமே, அதைப் போல.