யூதர்களின் வேதத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது: தோராவா, தனாக்கா, பழைய ஏற்பாடா?

கேள்வி இதுதான்: யூதர்களின் வேதத்தைச் சிலர் தோரா என்கிறார்கள், சிலர் தனாக் என்கிறார்கள், சிலர் பழைய ஏற்பாடு என்கிறார்கள். மூன்றும் ஒன்றா? கட்டுரையில் எதை எழுதுவது?

மூன்றும் ஒன்றல்ல. முழு வேதத்தையும் சொல்ல வேண்டுமென்றால் தனாக். அதன் முதல் ஐந்து நூல்களை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் தோரா. பழைய ஏற்பாடு என்பது கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். அவசரத்துக்கு இது போதும். ஆனால் இந்தச் சொற்களில் நான் ஒருமுறை இடறி விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஆவணப்படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவன். ஒரு படத்தில் எருசலேமைச் சேர்ந்த ஒரு பாட்டி, தன் பேரன் பள்ளிக்கூடத்தில் தனாக் படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்வார். இஸ்ரேல் பள்ளிகளில் அந்தப் பாடத்தின் பெயரே அதுதான். கிறிஸ்தவக் குடும்பத்தில், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வளர்ந்த எனக்குக் கை தானாகப் 'பழைய ஏற்பாடு' என்று அடித்துவிட்டது. படம் வெளியான பிறகுதான் உறைத்தது. பழையது என்றால் புதியது ஒன்று உண்டு என்று அந்தப் பாட்டியே ஒப்புக்கொள்வது போல ஆகிவிட்டது. அவருடைய நம்பிக்கையில் புதிய ஏற்பாடு என்று ஒன்று கிடையாது. அந்த வரியை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

சரி, தனாக் என்றால் என்ன? தோரா, நெவீம் (தீர்க்கதரிசிகள்), கெதுவீம் (எழுத்துகள்) என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். தமிழில் எழுதினாலும் த, ந, க என்றே வருகிறது பாருங்கள். கடைசி ஒலி மட்டும் எபிரேயத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வரும். தமிழ் பைபிளில் லூக்கா 24:44-ஐப் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. மோசேயின் நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகளின் ஆகமங்கள், சங்கீதங்கள் என்று இயேசுவே மூன்றாகத்தான் சொல்கிறார். சங்கீதம் இருப்பது கெதுவீம் பகுதியில்.

தனாக்கில் 24 நூல்கள். புராட்டஸ்டன்ட் பழைய ஏற்பாட்டில் 39. உள்ளே இருப்பது ஒன்றேதான், எண்ணுகிற முறைதான் வேறு: சின்ன தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து யூதர்களுக்கு ஒரே நூல், சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றும் ஒரே நூல், எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. கத்தோலிக்கர்களிடம் தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் உண்டு, தனாக்கில் அவை இல்லை. வரிசையும் மாறும். தானியேலை நாம் தீர்க்கதரிசிகளோடு வைக்கிறோம், யூதர்கள் கெதுவீமில் வைக்கிறார்கள். நம் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிந்து, பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு வரும். யூதர்களின் அச்சுப் பதிப்புகளில் கடைசி நூல் நாளாகமம். பாரசீக ராஜா கோரேஸ், விருப்பமுள்ளவன் எருசலேமுக்குப் போகட்டும் என்று சொல்வதோடு முடிகிறது. அதே நூல்கள்தான், ஆனால் முடிகிற இடம் மாறினால் கதையே வேறு திசையில் போகிறது.

அடுத்து தோரா. இந்தச் சொல்லுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதற்கு 'நோமோஸ்', அதாவது சட்டம், என்று போட்டார்கள். அந்த வழியில்தான் தமிழிலும் 'நியாயப்பிரமாணம்' வந்தது. கேட்டாலே நீதிமன்றம் ஞாபகம் வருகிறது. ஆனால் எபிரேயத்தில் தோராவின் வேர் கற்றுக்கொடுத்தல், வழிகாட்டுதல். ஆசிரியரை 'மோரே' என்பார்கள், அதுவும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். நீதிமொழிகள் 1:8-ல் "உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே" என்று வருகிறதே, அந்தப் 'போதகம்' எபிரேயத்தில் தோராதான். அம்மா பிள்ளைக்குச் சொல்வதும் தோரா, சீனாய் மலையில் மோசே பெற்றதும் தோரா. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. சட்டம் தோராவுக்குள் நிறைய உண்டு. அதற்காகச் 'சட்டம்' என்று மட்டும் எழுதினால் அந்தத் தாயின் குரல் போய்விடும்.

இன்னொரு பொருளும் உண்டு. ஜெப ஆலயத்தில் பேழைக்குள் வைத்திருக்கும் சுருளையும் தோரா என்றே சொல்வார்கள். தோல் தாளில் கையால் எழுதியது, உயிர்க்குறிகள் இருக்காது. வாசிப்பவர் எழுத்துகளை விரலால் தொடமாட்டார். நுனியில் குட்டிக் கை வைத்த ஒரு கோலால் வரியைப் பின்தொடர்வார், அதன் பெயரே 'யாத்', கை. ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருள் ஆலய வாசிப்புக்கு ஆகாது. அதே ஐந்து நூல்கள் அச்சுப் புத்தகமாக வந்தால் 'ஹுமாஷ்'. ஐந்து என்ற எண்ணிலிருந்து வந்த பெயர்.

அப்புறம், தோரா இதைவிடவும் விரியும். ஒருவர் "தோரா படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தல்மூதை, அதாவது யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பை, திறந்து வைத்திருக்கலாம், அதில் தப்பே இல்லை. எழுதப்பட்ட தோரா, வாய்வழித் தோரா என இரண்டு உண்டு என்பது அவர்கள் மரபு. சுமார் கி.பி. 200-ல் தொகுத்த மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த தல்மூதும் அந்த வாய்வழியைச் சேர்ந்தவை. அதனால் தல்மூதை 'யூதர்களின் பைபிள்' என்று எழுதாதீர்கள், சில பத்திரிகைகளில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

'மிக்ரா' என்றும் ஒரு சொல் வரும். வாசிக்கப்படுவது என்று பொருள், தனாக்கைத்தான் குறிக்கும். குர்ஆன் என்ற அரபுச் சொல்லுக்கும் இதே வேர்தான். தமிழ் முஸ்லிம்கள் 'தவ்ராத்' என்பது மூஸா நபிக்கு (மோசேக்கு) அருளப்பட்ட வேதத்தை. தோராதான் அரபு வழியாக அப்படி வந்திருக்கிறது.

உங்கள் கட்டுரைக்கு: பேசுகிறவர் யூதர் என்றால் தனாக் அல்லது தோரா, கிறிஸ்தவர் என்றால் பழைய ஏற்பாடு, முஸ்லிம் என்றால் தவ்ராத், எந்தப் பக்கமும் சாராத ஆய்வு நடை என்றால் எபிரேய விவிலியம். முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். சப்டைட்டிலில் எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கிறது.