தலைப்பில் இறந்த விதம் வேண்டாம்

ஒரு மாணவரின் தற்கொலைச் செய்திக்கு, செய்தி ஆசிரியர் தலைப்பிலேயே இறந்த விதத்தைப் போடச் சொல்கிறார், மாணவர் எழுதிவைத்த கடிதத்தின் படமும் வேண்டுமாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். செய்தி ஒன்றும் குறைந்துவிடாது.

‘மதிப்பெண் குறைந்ததால் மாணவர் விபரீத முடிவு’ என்ற உங்கள் வரைவில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்தக் ‘குறைந்ததால்’தான். ஒற்றைக் காரணத்தால் இது நடப்பதில்லை. அதே மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையும் அதைப் படிக்கும், இல்லையா? ‘மாணவர் மரணம்: போலீஸ் விசாரணை’ போதும். ‘விபரீத முடிவு’ வெறும் நாடக வசனம்.

ஆசிரியர் மசியவில்லை என்றால் வியன்னாவைச் சொல்லிப் பாருங்கள். சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை அங்கே பத்திரிகைகள் 1987இல் கைவிட்டன. ஆறே மாதத்தில் அந்தச் சம்பவங்கள் முக்கால்வாசிக்கு மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் புதுப்பித்த ஊடக வழிகாட்டியை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தாலும் தப்பில்லை.

செய்தியின் முடிவில் உதவி எண் கட்டாயம். போடும் முன் நீங்களே அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். நான் ஒருமுறை போட்டது செயல்படாத எண். மறுநாள் ஒரு வாசகர் சொல்லித்தான் தெரிந்தது.