மதிலுக்கு வெளியே வீடு பாருங்கள்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அமெரிக்க ராணுவ வீரரும் அவருடைய மனைவியும் இத்தாலியின் விசென்சா நகருக்கு மாற்றலாகிப் போகிறார்கள். இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத இவர்கள் அங்கே 3 ஆண்டுகளை எப்படிச் சமாளிப்பார்கள்? அவ்வூர் மக்கள் இவர்களை ஏற்றுக்கொள்வார்களா? (வாசகி, நியூஜெர்சி)

பதில்: சமாளிப்பதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. விசென்சாவில் உள்ள எடெர்லே படைமுகாமுக்குள் டாலரில் விலை குறித்த பலசரக்கு அங்காடி இருக்கிறது. அமெரிக்கப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவின் உள்நாட்டுக் கட்டணத்திலேயே கடிதமும் பொட்டலமும் வந்து சேரும் தபால் நிலையமும் இருக்கிறது. ஒரு தம்பதி மனம் வைத்தால் இத்தாலியர் எவரோடும் நான்கு வார்த்தை பேசாமலேயே தங்கள் காலத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். பழங்காலக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த மாளிகைகளும், 1585இல் திறக்கப்பட்டு இன்றும் நாடகம் நடக்கும் ஒலிம்பிகோ அரங்கும் இருக்கிற ஓர் ஊரில், பழக்கப்பட்ட ரொட்டிக்காகவும் பழக்கப்பட்ட சோப்புக்காகவும் முகாமின் வாசலுக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் போன்ற வீணடிப்பு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கள் கேள்வி இருவரையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் இருவருடைய நிலையும் ஒன்றல்ல. 1951இல் லண்டனில் கையெழுத்தான நேட்டோ படையினர் உடன்பாட்டின்படி, படைவீரர் தம் அடையாள அட்டையையும் பணி ஆணையையும் காட்டிக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழையலாம். அவருடைய மனைவிக்கு அந்தச் சலுகை கிடையாது. அத்துடன் போகவில்லை. விசென்சாவைத் தளமாகக் கொண்ட 173ஆவது வான்குடைப் படையணியைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் பேர் 2003 மார்ச் 26 அன்று இரவு வட இத்தாலியில் உள்ள அவியானோ விமானத் தளத்திலிருந்து பறந்து போய் வட இராக்கில் குதித்தார்கள். அதே படையணி 2007இலும் 2008இலும் தொடர்ந்து 15 மாதம் ஆப்கானிஸ்தானில் இருந்தது. அந்த மாதங்களில் விசென்சாவில் வாடகை கொடுத்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடியதும், குப்பையைக் கிழமைவாரியாகப் பிரித்து வாசலில் வைத்ததும் வீட்டில் இருந்தவர்கள்தாம். இத்தாலியரோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாலும் ஊரில் தங்கிவிடுகிறவரின் வேலை. படைத்தளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் விமானங்களை எண்ணுகிறார்களே தவிர இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்று இப்பக்கத்தில் நான் முன்பும் சண்டை பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன்.

மொழியைக் காட்டிலும் முதலில் இடறுவது மின்சாரம். இத்தாலிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 3 கிலோவாட் அளவுக்கே இணைப்பு இருக்கும். அமெரிக்க வீட்டில் துணி உலர்த்தும் எந்திரம் ஒன்றே 5 கிலோவாட் வரை இழுக்கும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் மாலையில் மின்னடுப்பையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் சிறிது நேரத்தில் வீடு இருண்டுவிடும். அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் மீட்டர் பெட்டி கீழ்த்தளத்தில் எல்லா வீட்டு மீட்டர்களோடும் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். கைவிளக்கோடு படியிறங்கிப் போய்த் தம் வீட்டு மீட்டரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பொத்தானை மேலே தள்ள வேண்டும். எது தம்முடையது என்று தெரியாமல் நிற்கும்போது கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மீட்டரைக் காட்டித் தருவார். இதை நிறுத்திவிட்டு அதைப் போடு என்று கையாலேயே சொல்லியும் தருவார். ஊரிலிருந்து சுமந்து வந்த பழைய மின்கடிகாரமும் அங்கே உதவாது. மின்மாற்றி 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்குமே ஒழிய 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது என்பதால், மின்னோட்டத்தின் அலைவெண்ணை நம்பி ஓடும் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். முகாமுக்குள் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அந்தக் கீழ்வீட்டு அம்மாளும் அவர்களுக்கு இல்லை.

கடைவீதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுழையும்போது வணக்கம் சொல்ல வேண்டும். சந்தையில் பழத்தைத் தாமே தொட்டுப் பொறுக்கக் கூடாது, கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டும். முலாம்பழம் கேட்டால், இன்று சாப்பிடவா நாளைக்கா என்று கேட்டு, அதற்கேற்றபடி அழுத்திப் பார்த்து எடுத்துத் தருகிறவரிடம் வாரந்தோறும் வாங்கினால் மொழி தானே நாக்கில் ஏறும்.

ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன். விசென்சாவில் தல் மோலின் விமானத் தளத்தில் இரண்டாவது முகாம் கட்டுவதை எதிர்த்து 2007 பிப்ரவரியில் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது; சன்னல்களில் எதிர்ப்புக் கொடிகள் தொங்கின. முகாம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1998 பிப்ரவரி 3 அன்று, அவியானோவிலிருந்து புறப்பட்ட அமெரிக்க மரைன் படை விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் பறந்து கவலேசே என்ற மலையூரில் கம்பிவடத்தை அறுத்ததில், தொங்கூர்தியில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். மேலே சொன்ன அதே உடன்பாட்டின்படி வழக்கு அமெரிக்க ராணுவ நீதிமன்றத்துக்குப் போய், உயிர்ச்சேதக் குற்றத்திலிருந்து விமானி 1999இல் விடுவிக்கப்பட்டார். அது நீதியாகாது என்று அப்போதே கருதினேன், இன்றும் கருதுகிறேன். இதைச் சொன்னதற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட வாசகர்கள் உண்டு. இந்தக் கோபம் இத்தாலியரிடம் இருக்கத்தான் செய்யும், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் அது தளத்தின் மேலும் அரசுகளின் மேலும் உள்ள கோபம். மாடிப்படியில் தினமும் எதிர்ப்படுகிற இளந்தம்பதியின் மேல் அதைக் காட்டுகிறவர்கள் குறைவு. பேச்சு எழுந்தால் தங்கள் அண்டை வீட்டார் வாதாட வேண்டாம், கேட்டுக்கொள்ளட்டும்.

எனவே அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அனுமதி கிடைத்தால் மதிலுக்கு வெளியே வாடகை வீடு பார்க்கட்டும், பார்க்கும்போது அறைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியிருக்கிறாரா என்று கேட்கட்டும். குடியிருக்கிறார் என்றால் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அந்த வீட்டையே பிடிக்கட்டும்.